காவல் சீட்டு

அந்த வீட்டில் எட்டுப் பேர். ஏழு பேர் கூப்பிடுகிறவர்கள், ஒருத்தி கூப்பிடப்படுகிறவள்.

மாமனார் "பெரியவளே" என்பார். மூத்த மருமகள் என்பதால் வந்த பட்டம் அது. பால் வண்டிக்காரர் வரை அதுவே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. கணவர் "இந்தா" என்பார். கொழுந்தனார் "அண்ணி". கொழுந்தனாரின் மனைவி, அதாவது வீட்டின் சின்னவள், "அக்கா". அவர்களுடைய இரட்டைப் பையன்கள் இரண்டு சுருதியில் "பெரியம்மா". கல்லூரிக்குப் போகிற மகள் "அம்மா". ஒரு நாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது பெரியவளுக்கு ஒரு யோசனை வந்தது. கூப்பிடும்போதெல்லாம் ஒரு பட்டாணியைத் தனிக் கிண்ணத்தில் போட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் அறுபத்து மூன்று சேர்ந்துவிட்டது. பிறகு அதையும் மற்றதோடு சேர்த்து வேக வைத்துவிட்டாள். வைத்திருந்து யாரிடம் காட்டுவது?

கெட்ட மனிதர்கள் என்று யாரும் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் திட்டவாவது செய்யலாம். இவர்கள் எல்லாருமே பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். கண்ணாடி எங்கே, சாவி எங்கே, வெந்நீர் ஆச்சா, கோழி உள்ளே வந்துவிட்டது, பையன் விழுந்துவிட்டான், பம்பு செட்டில் தண்ணீர் வரவில்லை. பம்பு செட்டில் தண்ணீர் வராததற்கு அவள் என்ன செய்ய முடியும்? ஆனாலும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னால்தான் அந்த வீட்டில் ஒரு விஷயம் நடந்ததாக அர்த்தம்.

வீடு ஊரைவிட்டுத் தள்ளி, வயலுக்கு நடுவில் இருந்தது. முன்பக்கம் வேன் நிற்கும் கொட்டகை, பின்பக்கம் தொழுவம், அதை ஒட்டி கோழிக்கூடு, அதற்கப்பால் காய்கறிப் பாத்தி. மூன்று பசுக்கள். விடிவதற்கு முன் எழுந்து சாணம் வாரி, மடி கழுவி, கறந்து, அளவுக் குவளையால் அளந்து கேனில் ஊற்றி, சந்து முனைக்கு வரும் பால் வண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அதற்குள் வீடு எழுந்திருக்கும். எழுந்த வீடு முதல் வேலையாக அவளைக் கூப்பிடும். அவள் தனக்கென்று ஊற்றிய டீ அடுப்பு மேடையில் ஆடை கட்டிக் கிடக்கும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் சூடாக டீ குடித்த நாட்களை எண்ணிவிடலாம். எண்ணிக்கையும் சரியாகச் சொல்லிவிடலாம்: நாற்பது.

அந்த நாற்பது நாள் எங்கிருந்து வந்தது என்பதுதான் கதை.

கொழுந்தனார் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறவர். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் மூடிவிடும், வேன் சும்மா நிற்கும். வேன் வாங்கிய முதல் கோடையிலேயே மாமனாருக்கு ஆசை வந்துவிட்டது. "நாலு நாள் எல்லாருமா எங்கயாவது போயிட்டு வரலாம்டா. நான் பார்த்ததெல்லாம் இந்த வரப்புதான்" என்றார். போகலாம். ஆனால் பசுவை யார் பார்ப்பது? பசுவுக்குக் கோடை விடுமுறை கிடையாது. யாராவது ஒருத்தர் காவல் இருக்க வேண்டும். மாமனார் நியாயஸ்தர். "யாரையும் நான் சொல்ல மாட்டேன். சீட்டுக் குலுக்கிப் போடுங்க. யார் பேரு வருதோ அவங்க இருக்கட்டும்" என்றார்.

வேன் ஓட்டுகிறவருக்கும் வயதானவருக்கும் விலக்கு. மூத்தவன் என்று கணவருக்கு ஒன்று, பெரியவள், சின்னவள், ஆக மூன்று சீட்டு. மகளுக்குப் பதினெட்டு ஆனதும் பேத்தி என்று நான்காவது சேர்ந்தது. வீட்டிலேயே கையெழுத்து நன்றாக இருப்பது பெரியவளுக்கு என்பதால் எழுதும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்? பால் அளக்கும் அலுமினியக் குவளையில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, வீட்டுக் குழந்தை ஒன்றைவிட்டு எடுக்கச் சொல்வார்கள்.

முதல் வருஷம் சத்தியமாக அவள் பெயர்தான் வந்தது. அன்றைக்குத் தொழுவத்தில் போய் அழுதாள். பட்ட காலிலேயே படும் என்று தன்னையே நொந்துகொண்டாள். மறுநாள் காலை வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சந்து முனையில் திரும்பியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். டீ போட்டாள். ஊற்றினாள். குடித்தாள். பாதி குடித்த பிறகுதான் நாக்கு சுட்டது தெரிந்தது. யாரும் கூப்பிடவில்லை. சுவர்க் கடிகாரம் இத்தனை சத்தமாக ஓடும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு குழம்பு வைத்து இரண்டு நாள் சாப்பிட்டாள். தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. மத்தியானம் தரையில் ஒரு தலையணையைப் போட்டுப் படுத்தாள். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தலை வாரவில்லை. பம்பு செட்டுத் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு எதையும் யோசிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பசுக்கள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டன. அதற்குமேல் அவற்றுக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை. நான்காம் நாள் வேன் திரும்பி வந்தபோது, "பாவம், தனியா எப்படி இருந்தீங்களோ அக்கா" என்று சின்னவள் கட்டிக்கொண்டாள். எப்படி இருந்தேன் என்று சொன்னால் அடிக்க வருவார்கள் என்று பெரியவளுக்குப் பட்டது. பைகளை இறக்கப் போய்விட்டாள்.

இரண்டாம் வருஷம் சின்னவள் பெயர் வந்தது. சின்னவளுக்குப் பசு என்றால் பயம். மூன்று வேளைப் பால் வீணாகி, பக்கத்து வயல்காரரைக் கெஞ்சிக் கூப்பிட்டுக் கறக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷம் பெரியவள் வேனில் போனாள். போய்விட்டு வந்தபோது, போகும்போது இருந்ததைவிட இரண்டு பங்கு அலுத்திருந்தாள்.

மூன்றாம் வருஷம் சீட்டு எழுத உட்கார்ந்தாள். முதல் சீட்டில் பெரியவள் என்று எழுதினாள். இரண்டாவதை எடுத்து, பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அதிலும் பெரியவள் என்று எழுதினாள். மூன்றாவதில் யோசனையே இல்லை.

அது திருட்டுத்தான். அவளும் அதை வேறு பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஒரு சீட்டை எடுத்ததும் மிச்சத்தைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிடுவாள். அப்படியே ஒன்பது வருஷம். வருஷத்துக்கு நாலு நாள். மிச்சமுள்ள நாட்களை அந்த நாலு நாளின் தைரியத்தில்தான் ஓட்டினாள். ஏழு பேர் சேர்ந்து கூப்பிடும்போதெல்லாம், இன்னும் ஐந்து மாசம், இன்னும் மூன்று மாசம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவர்களோ ஒவ்வொரு கோடையிலும் குற்ற உணர்ச்சியோடு போய், குற்ற உணர்ச்சியோடு திரும்பி வந்தார்கள். வரும்போது அவளுக்கென்று ஒரு பரிசு. சிப்பி ஒட்டிய பெட்டி, குலுக்கினால் பனி பெய்யும் கண்ணாடி உருண்டை, மரத்தில் செய்த படகு. கூடத்து அலமாரியில் ஒன்பது சாமான் வரிசையாக நின்றது. அவற்றைத் துடைக்கும் வேலையும் அவளுக்குத்தான்.

பன்னிரண்டாவது கோடையில் மாட்டிக்கொண்டாள்.

மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம், கணக்குப் படித்தாள். படிப்பு வீட்டுக்கு உதவும் என்பார்கள், இப்படி உதவும் என்று யார் கண்டது? இரட்டையரில் ஒருவன் குவளையில் கைவிட்டு எடுத்து, எழுத்துக் கூட்டி, "பெ...ரி...ய...வள்" என்று படித்ததும் எல்லாரும் வழக்கம்போல "அடப் பாவமே" என்றார்கள். மகள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

"ஒரு நிமிஷம். இதோட பத்து தடவை. தொடர்ந்து ஒரே ஆளுக்கு. இருபதாயிரம் வருஷம் சீட்டுப் போட்டாலும் இப்படி நடக்காது" என்றாள்.

"என் ராசி அப்படி, விடுடி" என்று பெரியவள் குவளைக்குக் கையை நீட்டினாள்.

மகளின் கை முந்திக்கொண்டது. மிச்சம் மூன்று சீட்டையும் பிரித்தாள். மூன்றிலும் அதே அழகான கையெழுத்து. பெரியவள், பெரியவள், பெரியவள்.

மகளின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "அம்மா... எங்களுக்காகவா இப்படிப் பண்ணே? நாங்க சந்தோஷமா போயிட்டு வரணும்னு வருஷா வருஷம் நீயே..." சின்னவள் ஓடிவந்து காலைப் பிடிக்காத குறை. "நான் மாட்டுக்குப் பயப்படுறேன்னு தானேக்கா?" என்று விம்மினாள். மாமனார் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "நான் நியாயம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் பெரியவளே" என்றார். இரட்டையர் காரணம் புரியாமலே சேர்ந்து அழுதார்கள்.

பெரியவள் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றாள். ஏழு பேர் கண் கலங்கி நிற்கும்போது, "உங்களுக்காக இல்லை, நீங்கள் இல்லாமல் இருப்பதற்காக" என்று எந்த வாயால் சொல்வது?

"இந்த வருஷம் அம்மா வரா. அவ்வளவுதான்" என்றாள் மகள்.

"நான் இருக்கேன்" என்றார் கணவர்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்பதால் அல்ல, வராது, அவ்வளவுதான். மூன்று பசுக்களில் உதைக்கிற குணமுள்ள ஒன்று இருந்தது. அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை விற்க ஆள் வந்தபோது, "குறை ஏதும் இருக்கா?" என்று அவன் ஒப்புக்குக் கேட்டான். இவர் ஆரம்பித்தார். "மழை வந்தா உதைக்கும். இடது பின்காம்பு மெதுவாத்தான் இறங்கும். தீவனம் மாத்தினா ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டு நிக்கும்." சொல்லிக்கொண்டே போனார். வந்தவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். மகாராணி இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

பெரியவள் வேனில் ஏறினாள். ஏற்றிவிட்டார்கள் என்பதுதான் சரி. ஜன்னல் ஓரம் அவளுக்கே என்று மகள் சட்டம் போட்டிருந்தாள். அரை மணி நேரத்தில் இரட்டையரில் ஒருவனுக்குக் குமட்டல் வந்தது, ஜன்னல் ஓரம் அவனுக்குப் போனது. போன இடம் மலைமேல் ஓர் ஏரி. விடுதியில் இரண்டு அறை. மாமனாருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதால் ஸ்டவ் கொண்டுபோயிருந்தார்கள். அறைக்கு வெளியே நடைபாதையில் வைத்து அவருக்குத் தனியாகச் சமைத்தாள். "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, இந்த நாலு நாள் உங்களுக்காகத்தான்" என்று சின்னவள் சொன்னாள். சொன்ன வாயோடு, "ஆமா, பையனோட துண்டை எங்க வெச்சீங்க?" என்றும் கேட்டாள்.

வீட்டிலாவது தொழுவம் இருந்தது, பாத்தி இருந்தது, கூப்பிட்டால் காதில் விழாத தூரம் என்று சில இடங்கள் இருந்தன. இங்கே இரண்டு அறைக்குள் ஏழு பேர். படகில் அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். மடியில் இரட்டையரில் இன்னொருவன் வாந்தி எடுத்தான். ஏரியைப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். அந்தத் தண்ணீரில்தான் புடவையைக் கழுவினாள். போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவளை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அவளும் சிரித்தாள்.

மூன்றாம் நாள் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பயணத்திலேயே அவளுக்குப் பிடித்த இடம் அதுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கதவு தட்டப்பட்டது. "பெரியவளே, என் மாத்திரை!"

அன்று மாலை ஏரிக்கரையில் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வளர்ந்த பிறகு அப்படிப் பிடித்ததே இல்லை. "சந்தோஷமா இருக்கியாம்மா?" என்று கேட்டாள்.

பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம், அந்தப் பாசம் தனக்கு எவ்வளவு பாரம் என்று ஒரே நேரத்தில் நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். "இருக்கேன் கண்ணு" என்றாள்.

திரும்பி வந்தபோது கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம். நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்த மடிப்பைக் காணவில்லை. வேன் கதவு திறந்து மற்ற ஆறு பேரும் ஆறு விதமாகச் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியபோது, அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. வேறு யாரும் கவனிக்கவில்லை. பெரியவள் கவனித்தாள். ஒவ்வொரு வருஷமும் அதே வாசலில், அதே நாலாம் நாள் தன் முகத்தில் வந்து போனது எது என்று அவளுக்குத் தெரியாதா?

அடுப்படிக்குப் போனாள். கம்பித் தட்டில் கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. அவர் பின்னாலேயே வந்து நிலைக்கதவில் சாய்ந்து நின்றார்.

"மகாராணி உதைச்சுதா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை. அதை விடு." அடுப்படிக்குள் ஓர் எட்டு வைத்தார். "இந்தா... நாலு நாள் என்னை யாருமே கூப்பிடல."

அவள் பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது நாள் பம்பு செட்டுத் தொட்டியில காலைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். எந்திரிச்சா பொழுது சாஞ்சு கிடக்கு. என்ன பண்ணேன்னு கேட்டா ஒண்ணும் பண்ணல." குரலைத் தாழ்த்தினார். "வருஷா வருஷம் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"பசு இருந்துச்சே. தனியாவா இருந்தேன்?" என்று மழுப்பினாள்.

"பசு பேசாதே" என்றார் அவர்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவளும் பிடித்தவரும் என்று சொல்ல முடியாது. இரண்டு திருடர்கள் ஒரே வீட்டுச் சுவரில் கன்னம் வைக்கப் போய்ச் சந்தித்துக்கொண்டது போல் இருந்தது. அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கூடத்திலிருந்து மாமனார் அவரைக் கூப்பிட்டார், சின்னவள் இவளைக் கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வந்தது நீளமான வருஷம். மகள் போட்டோ ஒன்றைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினாள். "அடுத்த வருஷமும் அம்மாதான் வரணும். சீட்டு நான் எழுதுறேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். பெரியவளுக்கு ஐந்து மாசம், மூன்று மாசம் என்று எண்ணும் பழக்கம் நின்றுபோயிற்று. எதை நோக்கி எண்ணுவது? கறந்தாள், சமைத்தாள், துவைத்தாள். இடுப்பு வலி வந்தது, அதுவும் வீட்டோடு தங்கிவிட்டது. ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வாளியைத் தரையில் வைத்துவிட்டு, அதைத் திரும்பத் தூக்க மனசில்லாமல் அப்படியே நின்றாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மறுபடியும் தூக்க வேண்டும் என்பதுதான் அலுப்பாக இருந்தது.

கணவரையும் அந்த வருஷம்தான் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்காமல் இல்லை, ஆனால் பார்த்தாள். அவரையும்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா கூப்பிடுகிறார், தம்பி கூப்பிடுகிறார், வாய்க்கால் தகராறு என்றால் பக்கத்து வயல்காரர் கூப்பிடுகிறார். முழங்கால் வலியோடு எழுந்து போகிறார். ஒரு மழை நாளில், தீவனம் நறுக்கும் மெஷின் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றிருந்தபோது, "இன்னும் ஏழு மாசம்" என்று அவர் வாய்க்குள் முணுமுணுத்தார்.

அவளுக்குத் திக்கென்றது. ருசி கண்ட பூனை! தன் நாலு நாளை இனி இந்த மனிதர் விடப்போவதில்லை. கேட்கவும் முடியாது. அவருக்கு உரிமை இல்லையா? பாவம், அவருக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது. இப்படியெல்லாம் நினைத்தாள். நினைத்துவிட்டு, விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எதையெதையோ விட்டுக்கொடுத்தாயிற்று. கடைசித் துண்டு ரொட்டியிலிருந்து ஜன்னல் ஓரம் வரை. இதை மட்டும் தர மாட்டேன், இது என்னுடையது என்று உள்ளே ஒருத்தி காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். அந்த ஒருத்தியைப் பார்த்தால் பெரியவளுக்கே பயமாக இருந்தது.

மறு கோடை வந்தது. ஒரு சாயங்காலம் கறவை முடிந்ததும் எல்லாரும் கூடத்தில் கூடினார்கள். பெரியவள் பழக்கத்தில் பேனாவை எடுத்தாள். மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ எழுதக் கூடாது. உன்னை நம்ப மாட்டேன்."

"அப்போ நீ எழுதறயா? நீ எழுதினா அம்மா பேரே இருக்காதே. அதுவும் திருட்டுத்தானே?" என்று சித்தப்பா சிரித்தார்.

"சரி, அப்பா எழுதட்டும். அப்பாவுக்குப் பொய் சொல்லவே வராது. யார் பேரு வந்தாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. மாமனார் தலையாட்டினார். கணவர் பேனாவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனார். "என்னப்பா, நாலு பேரு எழுத இவ்வளவு நேரமா?" என்று மகள் கேட்கும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. குவளையை நீட்டினார்.

பெரியவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலில் ஒன்று. மகள் படிக்கிற கணக்குப்படி நாலில் ஒன்றுதான் அவளுக்கு. ஒரு சீட்டுக்காக இந்த வயதில் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளுமா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

இரட்டையரில் ஒருவன் கைவிட்டு எடுத்தான். இப்போது அவன் எழுத்துக் கூட்டுவதில்லை. "பெரியவள்!" என்று ஒரே மூச்சில் படித்தான்.

மகள் வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"சீட்டுன்னா சீட்டுதான்" என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல். குவளையை எடுத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டார்.

"உன் ராசியே அப்படித்தான் போலிருக்கும்மா" என்று மகள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். பெரியவள் அந்தத் தலையைத் தடவிக்கொடுத்தாள். நெஞ்சு அடித்துக்கொள்வது நிற்கச் சற்று நேரமாயிற்று.

மறுநாள் விடிகாலையில் வேன் புறப்பட்டது. இரட்டையர் ஜன்னலில் தொங்கினார்கள். மாமனார், "பெரியவளே, பத்திரம்" என்றார். கணவர் பின் சீட்டில், பைகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஸ்டவ் இருந்தது. சமையல் யார் என்று கேட்டபோது, "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். இப்போதே யாரோ அவரைக் கூப்பிட்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். வேன் சந்து முனையில் திரும்பியது.

அவள் தொழுவத்துக்குப் போனாள். மகாராணி உட்பட மூன்றையும் கறந்தாள். பாலை அளக்க, மாடத்தில் இருந்த குவளையை எடுத்தாள். உள்ளே ஏதோ கிடந்தது.

மூன்று சீட்டு. மிச்சத்தை அடுப்பில் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. திருட்டுக்குப் புதுசு, பாவம்.

பிரித்தாள். கோழி கிளறியது போன்ற எழுத்து, பேனாவை அழுத்திப் பிடித்ததில் காகிதம் மறுபக்கம் புடைத்திருந்தது. பெரியவள். அடுத்ததைப் பிரித்தாள். பெரியவள். மூன்றாவதில் ஒரு எழுத்தை அடித்துத் திருத்தியிருந்தார். முதலில் மூத்தவன் என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். 'மூ' மட்டும் எழுதி, அதை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் பெரியவள் என்று எழுதியிருந்தார்.

அடித்திருந்த அந்த 'மூ'வை அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கும் வேண்டியிருந்தது. ஏழு மாசம் எண்ணிக்கொண்டிருந்த மனிதர். அவளால் விட்டுக்கொடுக்க முடியாததை அவர் விட்டுக்கொடுத்துவிட்டு, ஸ்டவ்வை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அழுகை வந்தது. அடக்கவில்லை. மகாராணி திரும்பிப் பார்த்தது.

பால் கேனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். டீ போட்டாள். இரண்டு டம்ளரை எடுத்து வைத்துவிட்டாள், பிறகுதான் தெரிந்தது. வாசல் வரை போய், வெறும் சந்தைப் பார்த்து, "என்னங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அந்த வீட்டில் அவள் யாரையாவது கூப்பிட்டு எத்தனை நாள் ஆகியிருக்கும்? பதில் இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். மூன்று சீட்டையும் அலமாரியில், பனி பெய்யும் கண்ணாடி உருண்டைக்கு அடியில் செருகினாள். தரையில் உட்கார்ந்து டீயைச் சூடாகக் குடித்தாள். பிறகு தலையணையைப் போட்டுப் படுத்தாள். அடுத்த கோடையில் சீட்டைத் தானே எழுதுவதாகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்து வாங்கிவிட வேண்டும், நாலிலும் மூத்தவன் என்று எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இந்த வருஷம் முடியாது. இந்த வருஷம் தூங்க வேண்டும்.